சிங்க்குக்காக வெட்டிய கல்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கல் பார்க்கிற வேலை என்பேன். நகைக்கடையா என்பார்கள். ராசிக்கல்லா என்பார்கள். ஒரு முறை பிரிக்பீல்ட்ஸில் ஓர் அம்மாள் தன் மகனின் ஜாதகத்தையே பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார். நான் பார்ப்பது ரோட்டுக்கும் வீட்டுக்கும் போடுகிற கல். பெட்டாலிங் ஜெயாவின் பழைய தொழிற்சாலை வரிசையில் ஒரு சின்ன சோதனைக்கூடம். குவாரிகளிலிருந்து மூட்டையில் கல் வரும். ஒரு துண்டை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிசாகும்வரை தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பேன். இனிமேல் இதையெல்லாம் மெஷினே செய்துவிடும் என்று முதலாளி வருஷா வருஷம் சொல்கிறார். வருஷா வருஷம் நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இத்தனை காலத்தில் மனசுக்கு நெருக்கமான கல் என்றால் ஒன்றுதான். சுங்கை வேயில் இருக்கும் என் வீட்டுச் சமையல் மேடை. ரோஜா நிறக் கிரானைட்.

தள்ளி நின்று பார்த்தால், கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுக்கிற, ரோஜா சர்பத்தைப் பாலில் கலந்த சிராப் பண்டுங் நிறம். கிட்டே போனால் ஒரே நிறம் இல்லை, நாலு விதமான பரல்கள் என்று தெரியும். ரோஜா நிறத்தில் பெரிது பெரிதாக இருப்பது ஒரு வகை பெல்ஸ்பார். சில பரல்கள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துரு உள்ளே கலந்திருப்பதால் அந்த நிறம். பக்கத்திலேயே பால் வெள்ளையாக இன்னொரு வகை பெல்ஸ்பார். மிளகைத் தட்டிப் போட்டாற்போல் கறுப்பாக இருப்பது அபிரகம். இவற்றுக்கு நடுவே, மங்கலான கண்ணாடிபோல், சாம்பல் நிறத்தில் மினுங்குவது குவார்ட்ஸ். கையால் தடவினால் வழவழவென்று போகும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் மெல்ல இழுத்தால் அங்கங்கே சிக்கும். பாலிஷ் போடும்போது அபிரகம் ஏடு ஏடாக உரிந்துபோய் விட்ட குழிகள் அவை. மத்தியானத்தில் வீடே கொதிக்கும்போதும் அந்த மேடை மட்டும் ஜில்லென்றிருக்கும். கன்னத்தை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டு மேடை என்று எழுதிவிட்டேன். அதை ஆசைப்பட்டு வாங்கியது நான் இல்லை. என் கணவரின் முதல் மனைவி.

என் கணவருக்குக் கறுப்புக் கல்தான் பிடிக்குமாம். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் கறுப்புதான். அந்த அம்மாள் ரோஜா நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். கல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியது என்று கண்ட்ராக்டர் சொன்னதும், "அப்ப நம்ம சொந்தக்காரங்கதான்" என்று சிரித்தாராம். மேடை போட்ட பிறகு ஒரு வருஷம்கூட அதில் சமைக்கவில்லை. நோய் வந்து போய்விட்டார். அப்போது பெண் குழந்தைக்கு ஐந்து வயது.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது. எனக்கு முப்பத்தெட்டு. கல்யாணமே வேண்டாம் என்று கல்லோடு கல்லாக இருந்தவளை எப்படியோ பேசி வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இவர் அதிகம் பேசாத மனிதர். பேசாத பொருளோடு பழகிய எனக்கு அது ஒத்துப்போயிற்று. பெண்தான் வேறு மாதிரி.

என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையாட்டினாள். கூப்பிடவில்லை. சின்னம்மா இல்லை, ஆன்டிகூட இல்லை. நம் மொழியில் ஒருவரை எந்த முறையும் வைக்காமல் வருஷக்கணக்கில் மொட்டையாகவே பேசுவது லேசான காரியம் என்றா நினைக்கிறீர்கள்? முயன்று பாருங்கள், அரை நாளில் நாக்கு குழறிவிடும். அவள் அதில் கைதேர்ந்தவள். "பால் முடிஞ்சிருச்சு." "ரிப்போர்ட் கார்டுல சைன் கேட்டாங்க." எனக்கு எதிரே வந்து நின்று பிரிட்ஜைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். மரியாதைக்குக் குறைவே கிடையாது. நீங்க, வாங்க எல்லாம் உண்டு. முறை மட்டும் இருக்காது.

வந்த முதல் வாரம் எண்ணெய் பாட்டிலை அடுப்புக்கு வலது பக்கம் வைத்தேன். நான் வலக்கைக்காரி. சாயங்காலம் பார்த்தால் அது இடது பக்கம் போயிருந்தது. மறுநாளும் அப்படியே. அப்புறம்தான் கவனித்தேன். இடது பக்கம் கல்லில் வட்டமாக ஒரு கருமை இருந்தது. கிரானைட் பார்க்கத்தான் இறுக்கம். பரலுக்கும் பரலுக்கும் இடையில் நூலிழை போன்ற சந்துகள் உண்டு, எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும். அவள் அம்மா நல்லெண்ணெய் பாட்டிலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து விழுந்த வட்டம் அது. குழந்தை தினமும் பாட்டிலின் அடியைச் சரியாக அந்த வட்டத்தில் பொருத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நானும் இடது பக்கமே வைத்தேன். மேடையை எவ்வளவு தேய்த்துத் துடைத்தாலும் அந்த வட்டத்தை மட்டும் சுற்றித் துடைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பின்கட்டில், துவைக்கிற இடத்தில், செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு கல் கிடந்தது. கறிவேப்பிலைத் தொட்டி அதில்தான் உட்கார்ந்திருந்தது. மேடையில் சிங்க் பதிப்பதற்காக வெட்டியெடுத்த துண்டு. இந்த ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஒரு துண்டு பின்னால் கிடக்கும். தூக்கிப்போட மனசு வராது, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியாது. நான் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் பெண் என் முன்னால் வந்து நின்று, "ஒன்னு காட்டவா?" என்றாள். பின்னால் கூட்டிப்போய்க் கல்லின் ஓரத்தில் ஒரு பெரிய ரோஜாப் பரலைத் தொட்டுக் காட்டினாள். அறுக்கும்போது ரம்பம் அதைப் பாதியாக வெட்டியிருந்தது. பிறகு சமையலறைக்கு இழுத்துப்போய் சிங்க்கின் விளிம்பைக் காட்டினாள். அங்கே மறுபாதி. "இது அதோட மிச்சம்" என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முறை வைத்துக் கூப்பிடாவிட்டால் என்ன, தன் பரலைக் காட்டினாளே.

அந்தப் பெண்ணுக்குப் போன வருஷம் கல்யாணம் கூடிவந்தது. அவளே பார்த்துக்கொண்ட பையன். நல்ல பையன், கிள்ளான்காரன். சாப்பிடும்போது போனை எடுப்பதில்லை, எனக்கு அதுவே போதும். மண்டபமும் கிள்ளானில்தான்.

பேச்சு எடுத்த அன்று அவளுடைய பெரியம்மா வந்திருந்தார். செத்துப்போன அம்மாவின் அக்கா. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறவர், குரலும் கடைக்கே உரிய குரல். நான் வருவதற்கு முன்னால், குழந்தைக்குத் தலைசீவி விட வாரா வாரம் கொமுட்டர் ரயிலேறி வந்தவர் அவர். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. காப்பியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "தாரை வார்க்கிறப்ப அப்பா கையப் புடிச்சுக்கட்டும், தண்ணி நான் ஊத்துறேன். என் தங்கச்சி எடத்துல நான்தான நிக்கணும்."

நம் கல்யாணத்தில் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து அப்பா பிடித்துக்கொள்ள, அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். அதோடு பெண் கொடுத்தாயிற்று. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பெண்ணைப் பார்த்தேன். பெண் பிஸ்கட்டைக் காப்பியில் முக்கிக்கொண்டிருந்தாள். "சரிதான்க்கா" என்று நான் சொல்லிவிட்டேன்.

சரி என்று வாய்தான் சொன்னது. அந்தச் சொம்பு என் கைக்கு வரவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பதினாறு வருஷமாக அவளுக்கு ரொட்டியில் ஜாம் தடவியவள் நான். காய்ச்சலில் நெற்றியைத் தொட்டவள் நான். ஆனால் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? கேட்டு வாங்கினால் அது ஊற்றியதாக ஆகுமா? அவளாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பின்னால் நின்று அட்சதை போட வேண்டியதுதான். இப்படித் தீர்மானம் செய்துகொண்டு, அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

மணவறை அலங்காரம் செய்கிறவர்கள் சாமான்களைக் காட்டக் கூப்பிட்டபோது நானும் பெண்ணும் போனோம். தூண், நாற்காலி, குடை, வாழைமரம் எல்லாம் இருந்தது. அம்மியும் இருந்தது. கறுகறுவென்று, குழவியோடு. பெண் குனிந்து அதைத் தூக்கினாள். ஒரே கையில் வந்துவிட்டது.

"அண்ணே, இது என்னது?"

"பைபர்மா. லோரியில ஏத்தி எறக்க ஈசி. போட்டோல கல்லு மாதிரியே விழும்லா."

"கல்லு மாதிரி உறுதியா இருன்னு சொல்லித்தானே அம்மி மிதிக்க வைக்கிறீங்க? இதுல கால வச்சா நான் எங்க உறுதியா இருக்கிறது? காத்தடிச்சா நானும் பறந்துருவேன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காரில் வரும்போது பெடரல் நெடுஞ்சாலை நெரிசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்குப் பின்னால கெடக்கே, சிங்க் வெட்டின கல்லு, அத வச்சா என்ன? அம்மா வாங்கினது." சற்று நேரம் கழித்து, "மேல ஏறி நின்னா ஒடைஞ்சிருமா?" என்றாள். இந்தக் கேள்வி எனக்கு. வேறு யாரைக் கேட்பாள், கல் பார்க்கிறவள் நான்தானே.

சனிக்கிழமை கறிவேப்பிலைத் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, இருவருமாகக் கல்லைப் பிடித்துக் கார் பூட்டில் ஏற்றினோம். சோதனைக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. கல்லைக் கழுவி மேஜையில் போட்டு, மேலெல்லாம் நன்றாக நனைத்துக் காயவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதில் ஈரம் நிற்கும். சுற்றிலும் காய்ந்த பிறகும் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். இருவரும் உட்கார்ந்து ஈரம் வெளுப்பதைப் பார்த்தோம். கோடு எதுவும் இல்லை.

"தரையில படுக்க வச்சா யானை ஏறினாலும் ஒன்னும் ஆகாது" என்றேன்.

"உள்ள எப்படி இருக்கும்? நீங்க தெனம் பாக்கிற மாதிரி நானும் பாக்க முடியுமா?"

என் வேலையைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பாதிப் பரல் இல்லாத பக்கமாக ஒரு மூலையைக் காட்டி, "இங்க கொஞ்சம் வெட்டணும்" என்றேன். "வெட்டுங்க" என்றாள். ரம்பத்தை ஓட்டித் தீப்பெட்டி அளவுக்கு அந்த மூலையை அறுத்தெடுத்தேன்.

கண்ணாடியில் ஒட்டித் தேய்த்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வழக்கமாக அவ்வளவு நாள் ஆகாது, இதற்குக் கை தயங்கியது. அடுத்த சனிக்கிழமை வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்துவிட்டாள்.

"பிங்க் எங்க?"

"அவ்ளோ மெல்லிசாத் தேச்சா கலர் போயிரும்."

"கண்ணாடி மாதிரி இருக்கு. இது நம்ம கல்லுதானா? வேற ஏதாவது மாறிப்போச்சா?"

"என் கையில கல்லு மாறாது" என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் ரோஷம் போய்விட்டது. அம்மா ஆசைப்பட்டது அந்த நிறத்துக்கு. அது இல்லை என்றால் எப்படி இருக்கும்? "இருமா, இன்னும் முடியல" என்று சொல்லி, நுண்ணோக்கியில் இன்னொரு வடிகட்டியை உள்ளே தள்ளினேன். அது ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும். வெறும் கண்ணாடியாகத் தெரிந்த கல் அப்போது விழித்துக்கொள்ளும்.

"அட!"

"என்ன தெரியுது?"

"கட்டம் கட்டமா இருக்கு. அப்பா இடுப்புல கட்டுற சாரம் மாதிரி."

"அதுதான் உன் பிங்க். வெளிய ரோஜா, உள்ள சாரம்."

சிரித்துவிட்டாள். வரி வரியாக இருந்ததைக் காட்டினாள், அது வெள்ளை பெல்ஸ்பார். பழுப்பாக ஏடு ஏடாக இருந்ததைக் காட்டினாள், அது அபிரகம். பிறகு, "இது என்ன, ஷேப்பே இல்லாம, எல்லாத்துக்கும் நடுவுல நடுவுல?" என்றாள்.

"குவார்ட்ஸ்."

"அது மட்டும் ஏன் அப்படி?"

"இந்தக் கல்லு பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல, ரொம்ப மெதுவா ஆறினது. மொதல்ல வர்ற பரலுக்கெல்லாம் எடம் தாராளமா இருக்கும், அது அது தன் உருவத்துல வளந்துக்கும். குவார்ட்ஸ் கடைசியா வரும். மத்ததெல்லாம் விட்டு வச்ச எடத்துலதான் அது ஒக்காரணும். அதான் தனக்குன்னு ஒரு உருவம் இல்ல."

"பாவம்லா."

"பாவமெல்லாம் ஒன்னும் இல்ல. அது வரலன்னா நடுவுல எல்லாம் ஓட்டையா இருக்கும். கையில எடுத்தா உதிர்ந்துரும்."

சொன்ன பிறகுதான், என்ன பேசினோம் என்று சுருக்கென்றது. சத்தியமாக நான் கல்லைப் பற்றித்தான் சொன்னேன். இந்த விளக்கத்தை எத்தனையோ குவாரிக்காரர்களுக்கு இதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. நுண்ணோக்கியின் தட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றாள்.

கிளம்பும்போது பக்கத்து மேஜையில் இருந்த ஒரு பலகையைப் பார்த்து நின்றாள். ஏதோ ஹோட்டல்காரர் அனுப்பிய கிரானைட். மேலே வெள்ளையாகப் பசை பூசி பிளாஸ்டிக்கால் மூடி வைத்திருந்தேன்.

"இது எதுக்கு?"

"எண்ணெய்க் கறை. இந்தப் பசை காயக் காய உள்ள எறங்கின எண்ணெய இழுத்துக்கும். நாலஞ்சு தடவ போட்டா கல்லு பழையபடி ஆயிரும்."

"எவ்ளோ பழைய கறையா இருந்தாலும் போகுமா?"

"போகும்."

"நம்ம வீட்ல இருக்கே, அதுவும்?"

"அதுவும்."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?"

"இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து தெரியும்."

அந்த வீட்டுக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே என்பது அவளுக்குத் தெரியும். கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், நான் மறுபக்கத்தைப் பிடித்தேன், பூட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரியம்மா வந்தார். கூடத்தில் துண்டு விரித்து வைத்திருந்த கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். தங்கை வாங்கிய கல் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். குனிந்து தடவினார். விரல் அந்த மூலைக்கு வந்ததும் நின்றது.

"இது என்ன, மூலை இல்ல?"

"வெட்டிப் பாத்தோம்க்கா. நல்ல கல்லு."

"வெட்டினியா? மணவறையில வைக்கிற கல்ல மூளியாக்கிட்டியே! மூளிக் கல்லுல பொண்ணு கால வைக்கலாமா? இது தெரியாதா ஒனக்கு?"

எனக்குத் தெரியத்தான் வேண்டும். மூக்குடைந்த பானையைக்கூட மங்கல காரியத்தில் வைக்காத வீட்டில் பிறந்தவள்தான் நானும். ஆனால் ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டால் எனக்கு எல்லாமே சாம்பிளாகத்தான் தெரியும். தப்பு என்னோடதுதான்க்கா என்று சொன்னேன். பெண்ணின் பெயரை இழுக்கவில்லை. சொம்பு கைக்கு வருகிறது என்ற நினைப்பு ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அறையிலிருந்து பெண் வெளியே வந்தாள். "நான்தான் பெரியம்மா வெட்டச் சொன்னேன்."

"நீ சொன்னா இவளுக்குப் புத்தி வேணாமா?"

"இந்தக் கல்லே வெட்டின கல்லுதான பெரியம்மா. நாலு பக்கமும் வெட்டினது. அம்மா மேடையிலேர்ந்து வெட்டி எடுத்த மிச்சம். இதுல இன்னும் என்ன மூளி இருக்கு?"

பெரியம்மா கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதிப் பரலைத் தடவிக்கொண்டிருந்தார். தங்கையை நினைத்துக்கொண்டார் போலும், கண் கலங்கிவிட்டது. பிறகு எழுந்து நேரே சமையலறைக்குப் போனார். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து எடுத்து வந்து வெட்டிய மூலையில் அப்பினார். கெட்டியாக, இரண்டு கை. "மஞ்சள் பூசிட்டா மூளி தோஷம் எல்லாம் போயிரும்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பாலிஷ் இல்லாத, புதிதாக அறுத்த கிரானைட் முகத்தில் மஞ்சள்! அது எவ்வளவு தூரம் உள்ளே இறங்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. பெண் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மணவறை ஜொலித்தது. தூண், குடை எல்லாம் பைபர். நடுவில் ஒரே நிஜக் கல்லாக எங்கள் சிங்க் துண்டு, மூலையில் மஞ்சளோடு. பெண்ணின் அம்மா படம் மாலையோடு ஒரு நாற்காலியில் இருந்தது. நான் மண்டபத்துத் தூண் பக்கம் நின்று, வெற்றிலைத் தட்டை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். அதில் அடுக்குவதற்கு ஒன்றும் இல்லை. கையை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது.

குருக்கள் மைக்கில் கூப்பிட்டார்: "தாரை வார்க்கணும். பொண்ணோட அப்பா வாங்க. பொண்ணோட அம்மா எங்க?"

என் கணவர் எழுந்துபோனார். குனிந்த தலை நிமிராமல் பெண் சொன்னாள். பக்கத்திலேயே மைக் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"பின்னால தூண்கிட்ட நிக்கிறாங்க. கூப்பிடுங்க."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே திரும்பி, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். யாரும் இல்லை. அதற்குள் பெரியம்மா சொம்பைத் தூக்கிக்கொண்டு நாற்காலி வரிசைக்கு நடுவே என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கதான..."

"பிடி. என்கிட்ட போன வாரமே சொல்லிட்டா. ஒன்கிட்ட சொல்லக்கூடாதுன்னா. சொன்னா நீ வேணாம்னு தள்ளி நின்னுருவியாம்." சொம்பை என் கையில் திணித்தார். அவர் குரல் கடைக் குரலாக இல்லை. "நிதானமா ஊத்து."

நிதானமாக ஊற்ற எனக்கு வரவில்லை. மூன்று பேர் கையின்மேல் நான் ஊற்றிய தண்ணீர் சிதறிப் பக்கத்திலிருந்த கல்லிலும் விழுந்தது. நனைந்த கிரானைட்டில் நிறம் தூக்கலாகத் தெரியும். ரோஜா, வெள்ளை, கறுப்பு, சாம்பல் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. அப்புறம் எனக்கு எதுவும் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சபையில் அதுவரை அழாத நாலு பேர் என்னைப் பார்த்து அழுதார்கள்.

அவள் அன்றும் என்னை முறை வைத்துக் கூப்பிடவில்லை. இன்றும் இல்லை.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, கல்லை அவர்களுடைய காரில் ஏற்றினோம். கிள்ளானில் புதுவீட்டுச் சமையலறையில் வைத்துக்கொள்ளப் போகிறாளாம். பூட்டில் வைத்ததும் பழக்கதோஷத்தில் என் கட்டைவிரல் அந்த மூலைக்குப் போயிற்று. மஞ்சள் நன்றாக இறங்கியிருந்தது.

"இத எடுக்கலாம்மா" என்றேன். "ஒரு நாள் கொண்டா, நான்..."

அவள் என் கையைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள்.

"வேணாம். நீங்க செய்வீங்களே, அந்த மாதிரி சுத்தித் தொடச்சுக்கிறேன்."